பழக்கம் மேடம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். கூடவே, பிள்ளைகளே, நீங்கள் வீடு வீடாக எடுத்துக்கொண்டு போகும் படிவத்தையும் போனில் அனுப்பியிருந்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ஏழாவது கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ‘தங்களுக்கு ஏதேனும் பழக்கம் உண்டா?’ அடப் பாவிகளா! நான் ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறதா? அந்த ஒரு கேள்வியால் தாராவியில் ஒருவர் என்னை அடிக்கவே வந்துவிட்டார். அதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் இந்த வேலைக்கு நான் வந்தபோது எனக்கு இருந்த ஒரே தகுதி தமிழ் தெரியும் என்பது. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டுத் தமிழ் பாலக்காட்டிலிருந்து வந்தது. தாராவிச் சந்துகளில் பேசுவதோ திருநெல்வேலித் தமிழ். இரண்டும் ஒரே தமிழ்தானே என்று நினைத்து, ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் படிவமுமாக என்னை அங்கே இறக்கிவிட்டார்கள்.

முதல் வாரம். செல்லக்கனி என்று ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். ஒற்றை அறையில் இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் துரைப்பாண்டி அதை அலுமினிய டப்பாவில் அடுக்கி சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, ஆபீஸ் வாசல்களில் விற்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதினேன். பிறகு அவளைப் பார்த்து, படிவத்தில் இருந்ததை எங்கள் வீட்டுத் தமிழில் கணீரென்று கேட்டேன்.

“உங்களுக்குப் பழக்கம் ஏதாவது உண்டோ?”

துரைப்பாண்டி தூக்கிய டப்பாவை அப்படியே கீழே வைத்தார்.

“பழக்கமா? யாரு கூட?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் விளக்கமாகச் சொன்னேன். “இல்லை, ரொம்ப நாளாக இருக்கிற பழக்கம். வீட்டில் தெரியாமல்கூட இருக்கலாம். மறைக்காமல் சொல்லணும்.”

“ஏட்டி, இவிய என்ன சொல்லுதாவ?” என்று அவர் மனைவி பக்கம் திரும்பினார். முகம் சிவந்துவிட்டது. அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்தது. ஒரு கிழவர் பல் விளக்குவதை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

“கெட்ட பழக்கம்தான் கேட்கிறேன்” என்றேன் நான். இதைவிட முட்டாள்தனமாக ஒருத்தி பேச முடியாது.

செல்லக்கனி கையில் இட்லித்தட்டோடு எழுந்து வந்தாள். “யாரு ஒங்கள அனுப்புனா? எந்தத் தட்டுவாணி சொல்லி அனுப்புனா, அதச் சொல்லுங்க மொதல்ல!” துரைப்பாண்டி சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார். நான் டார்ச்சைத் தூக்கிக் காட்டி, “புகையிலை, புகையிலை!” என்று அலறினேன். பிறகு அந்தக் கிழவர்தான் முதலில் சிரித்தார். அதற்கப்புறம் சந்து முழுக்கச் சிரித்தது. துரைப்பாண்டி மட்டும் சிரிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து நான் அந்தச் சந்தில் பழக்கம் மேடம் ஆகிவிட்டேன்.

சரி, புத்தி வந்தது. மறுநாளிலிருந்து நேராக, “புகையிலை போடுவீர்களா?” என்று கேட்டேன். பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். செல்லக்கனி, “சீச்சீ, அந்தக் கருமத்த யாரு தொடுவா” என்றாள். நானும் வரிசையாக ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய் ஆபீசில் கொடுத்தேன். எங்கள் டாக்டர், தாராவியிலேயே இதுதான் உத்தமமான சந்து என்று என்னைப் பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. ஒருநாள் காலையில் சீக்கிரமே போய்விட்டேன். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குந்தியிருந்தார்கள். நடுவில் செல்லக்கனி. ஆள்காட்டி விரல் கன்னங்கரேலென்று இருந்தது. அதை வாய்க்குள் விட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். குடம் நிறைந்தது, அடுத்த குடமும் நிறைந்தது, அவள் விரல் வெளியே வரவில்லை. கண் பாதி மூடியிருந்தது. பல் விளக்குகிறவள் முகத்தில் அப்படி ஒரு சுகத்தை நான் பார்த்ததே கிடையாது.

“இது என்ன?” என்றேன்.

“மிசிரி” என்றாள். “பல்லு வெளக்குதேன்.”

மிசிரி என்றால் வறுத்துப் பொடித்த புகையிலை. இந்த ஊர் மராத்திக்காரர்கள் வீட்டுப் பழக்கம். பம்பாய்க்கு வந்த நம் ஆட்கள் வடாபாவ் கற்றுக்கொண்ட மாதிரி இதையும் கற்றுக்கொண்டார்கள். எனக்குத் தலை சுற்றியது.

“அது புகையிலைதானே அம்மா?”

“அது எப்படிப் பொயலையாவும்? வறுத்தாச்சுல்லா?” என்றாள். “நெல்ல வறுத்தா பொரிங்கோம். நெல்லுங்கோமா?”

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும், “அதானே” என்றார்கள். நானும் ஒரு கணம், அதானே என்று நினைத்துவிட்டேன். அவ்வளவு அழகாகச் சொன்னாள்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல் விளக்குவீர்கள்?”

“காலைல ஒண்ணு. இட்லி எறக்கிட்டு ஒண்ணு. மத்தியானம் சாப்புட்டு ஒண்ணு. சாயங்காலம் மாவாட்டுறதுக்கு முன்ன ஒண்ணு. இது இல்லாட்டி வெளிக்கே வராது மேடம், வயிறு கல்லு கணக்கா ஆயிரும்.”

பொய் சொல்லவில்லை அவள். இதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் யாரும் பொய் சொல்வதில்லை. நாம் கேட்ட சொல்லில் அவர்களுடைய பொருள் இல்லை, அவ்வளவுதான். புகையிலை என்றால் அவர்களுக்குப் பெட்டிக்கடையில் தொங்கும் பாக்கெட். மிசிரி என்றால் பல்பொடி. அதற்குப் பிறகு நான் புகையிலை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் வாயில் என்ன போடுவீர்கள், அப்புறம் என்ன, படுக்கும்போது என்ன என்று மட்டும் கேட்டேன். நான் எழுதி வைத்திருந்த ‘இல்லை’களில் பாதிக்கு மேல் ‘உண்டு’ ஆனது. பாராட்டிய டாக்டர் முகத்தில் விழிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்று குழாயடியிலேயே செல்லக்கனியை வாய் கொப்பளிக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன். முதலில் அவளை மூன்று விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் விடச் சொன்னேன். நல்ல வாய் என்றால் அவரவர் விரல் மூன்று அப்படி நுழைய வேண்டும். உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவளுக்குத் தாராளமாக நுழைந்தது. பிறகு இடது கன்னத்தை உள்பக்கம் விலக்கினேன். கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு தடிப்பு. பஞ்சால் துடைத்தேன், போகவில்லை. தொட்டால் சொரசொரவென்று இருந்தது.

எனக்குத் தெரியும் அது என்ன என்று. இன்றைக்குப் புற்று இல்லாமல் இருக்கலாம். விட்டுவைத்தால் ஆகலாம். ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். இதெல்லாம் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது என் வாய் என்ன செய்தது தெரியுமா? குடத்தோடு பதினைந்து பேர் நிற்கும் இடத்தில், “ஐயையோ! நீங்க உடனே கேன்சர் ஆஸ்பத்திரிக்கு வரணும்” என்றது.

அந்த வேலையில் நான் செய்த பெரிய தப்பு இதுதான். முந்தினதற்காவது சிரிக்கலாம்.

மறுநாள் பத்து மணிக்கு துரைப்பாண்டி டப்பா நிறைய இட்லியோடு திரும்பி வந்துவிட்டார். இட்லிக்காரிக்கு வாயில் சீக்காம் என்று சேதி அவருக்கு முன்னால் சைக்கிளில் போயிருக்கிறது. வழக்கமாக வாங்குகிறவர்கள் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, இன்று வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஒரு வாட்ச்மேன் மட்டும் வாங்கினாராம். அவருக்குக் காது கேட்காது.

நான் போனபோது செல்லக்கனி கதவை என் மூக்கின் மேலேயே சாத்தினாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. “எனக்கு ஒண்ணுங் கெடையாது. ஆஸ்பத்திரி வாசல மிதிச்சேன்னா இருக்கிற யாவாரமும் போயிரும். ரெண்டு பிள்ளைய படிக்குது. போங்க மேடம், எங்க பொழப்பக் கெடுக்காதிய.”

சந்தில் வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. என்னைக் கண்டால் குழந்தைகள்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு ஓடின. ஆபீசில், இவள் ஒருத்திக்காக ஏன் மல்லுக்கட்டுகிறாய், வேறு சந்துக்குப் போ என்றார்கள். போக முடியவில்லை. அந்த வெள்ளைத் தடிப்பு அவள் வாயில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நாள் போகப் போக அது என்ன ஆகும் என்பதும் தெரியும். அவளைக் கதவுக்குப் பின்னால் ஒளிய வைத்ததே நான்தான்.

யோசித்துப் பார்த்தேன். என் வாயால் கெட்டதை என் வாயாலேயே சரிசெய்ய வேண்டும் என்று ஒரு அசட்டு யோசனை தோன்றியது. மறுநாள் காலையில் அவள் வாசலில் போய், சந்து பார்க்க உட்கார்ந்து, “நாலு இட்லி கொடுங்கள்” என்றேன். வியாபாரம் என்பதால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. தட்டை ணங்கென்று வைத்தாள். நான் எல்லோர் கண்ணிலும் படும்படி, சப்புக்கொட்டி, மெதுவாகச் சாப்பிட்டேன். “இது தொத்து வியாதி இல்லை! கையால் வராது, இட்லியால் வராது!” என்று ஒவ்வொரு விள்ளலுக்கும் ஒரு தடவை சொன்னேன். மறுநாள் ஆறு இட்லி. அடுத்த நாள் எட்டு. எங்கள் வீட்டில் காலையில் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடுவதை அம்மா கொள்ளை என்பாள். பத்து நாளில் என் ஜாக்கெட் கை இறுகிப் போய்விட்டது.

ஆனால் அந்த யோசனை வேலை செய்தது. பழக்கம் மேடமே திங்கிறாவ, செத்தா போய்ட்டாவ என்று ஒவ்வொருவராக வாங்க ஆரம்பித்தார்கள். அந்தச் சேதியும் ஆபீஸ் வாசல்வரை போய், டப்பா காலியாகத் திரும்பியது. செல்லக்கனிக்கும் கோபம் தணிந்தது. சட்னி இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள். ஆஸ்பத்திரி என்று நான் வாயெடுத்தால் மட்டும், “இப்பதான் யாவாரம் எந்திரிச்சு ஒக்காந்திருக்கு, மறுபடி படுக்கப் போடாதிய” என்று எழுந்து போய்விடுவாள். இப்படியே ஒரு மாதம் ஓடியது. மிசிரியும் நிற்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் உங்களிடம் சொல்லவில்லை. மறைத்தேன் என்றில்லை, அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பா இருக்கும். அதில் பாக்கு. கல்யாணமான புதிதிலிருந்து சாப்பிட்டதும் ஒரு சிட்டிகை, ரயிலில் ஒரு சிட்டிகை, தூக்கம் வந்தால் ஒரு சிட்டிகை. படிவத்தில் என்னைக் கேட்டிருந்தால், ஒரு பழக்கமும் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருப்பேன்.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் எட்டாவது இட்லி முடிந்ததும் டப்பாவைத் திறந்து வாயில் போட்டேன். செல்லக்கனி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அது என்னது மேடம்?”

“பாக்கு.”

“தெனமுமா?”

“வெறும் பாக்குதான். புகையிலை எல்லாம் கிடையாது. ஜீரணத்துக்கு.”

“ஓகோ” என்றாள். “மிசிரி பல்லுக்கு. பாக்கு சீரணத்துக்கு.”

நான் பாக்கை மென்றுகொண்டே டப்பாவைப் பைக்குள் தள்ளினேன். பாக்குத் தனியாகவே கெடுதல், வாயை இறுக்கிவிடும், புற்றும் கொண்டுவரும் என்று பயிற்சியில் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! அது மற்றவர்களுடைய பாக்கு என்றுதான் என் மண்டையில் பதிந்திருந்தது.

“எங்க எல்லாத்து வாயையும் பாத்தியளே, ஒங்க வாய யாரு பாத்தா?” என்றாள். அதற்குள் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். “வைங்க பாப்போம், மூணு வெரல.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. இவ்வளவுதானே என்று மூன்று விரலைச் சேர்த்து வாய்க்கு நேராக நிறுத்தினேன். இரண்டு நுழைந்தது. மூன்றாவது பல்லில் இடித்தது. தலையைச் சாய்த்து முயன்றேன். தாடையை ஒரு கையால் பிடித்து இழுத்தேன். விரல் தடிமன் என்று சொல்லி அடுத்த கையை மாற்றினேன். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “கை கழுவிட்டு வைங்க மேடம், வழுக்கிட்டுப் போவும்” என்று ஒருத்தி யோசனை வேறு சொன்னாள்.

செல்லக்கனி மட்டும் சிரிக்கவில்லை. என் மடியிலிருந்த டார்ச்சை எடுத்தாள். “வாயத் தொறங்க” என்றாள். நான் சொல்லும் அதே அதட்டலில் சொன்னாள். திறந்தேன். வெளிச்சம் கன்னத்துக்குள் இப்படியும் அப்படியும் போனது.

“யக்கா” என்றாள் மெதுவாக. அதுவரை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். “உள்ள வெளுத்துக் கெடக்கு. பட்டை பட்டையா இருக்கு.”

பயந்துவிட்டேன், வேறென்ன சொல்ல! எங்கள் வீட்டுக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற வாய். தொட்டில் கட்டி வளர்த்த என் பெண் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம், இப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு மாதமாகச் செல்லக்கனி சொன்ன வார்த்தை எல்லாம் என் வாய்க்கு வந்து நின்றது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். ரெண்டு பேரும் காட்டுவோம். ஆனா வழி காட்டுத மேடமா நீங்க வரக்கூடாது. சீக்காளியா வரணும்” என்றாள். பிறகு எழுந்து இடுப்பில் கைவைத்து, சந்துக்கே கேட்கும்படி ஒரு போடு போட்டாள்.

“மேடத்துக்கு வாயில என்னமோ வந்துட்டு! பாவம், கூடப் போவ ஆளில்ல. நான்தான் தொணைக்குப் போறேன். நாளைக்கு இட்லி வெள்ளனவே முடிஞ்சிரும், வேணுங்கிறவுக இப்பமே சொல்லிருங்க!”

எனக்கு ஒரு நொடிதான் அவகாசம். நான் ஆரோக்கியமானவள், நான்தான் இவளை அழைத்துப் போகிறேன் என்று சொல்லலாம். என் மானம் தப்பும், அவள் மறுபடி கதவைச் சாத்துவாள். “ஆமாம், எனக்குத்தான் வாய் சரியில்லை” என்றேன். அந்த வேலையில் சரியான சமயத்தில் நான் உருப்படியாகச் சொன்னது இந்த ஒரு வாக்கியம்தான்.

சந்து என்மேல் இரக்கத்தைக் கொட்டியது. ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள். ஒருத்தி திருநீறு பூசிவிட்டாள். அன்று முதலில் சிரித்த கிழவர், நல்ல மனுசி, நாக்குதான் கொஞ்சம் நீளம் என்று நான் இருக்கும்போதே அனுதாபப்பட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதியும் இடத்தில் ஒரு பெண், “பேஷண்ட் கோன்?” என்றாள், நோயாளி யார் என்று. செல்லக்கனி என்னைக் காட்டினாள். நான் அவளைக் காட்டினேன். இரண்டு விரலும் நீட்டியபடியே நின்றோம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டபிறகு இரண்டு சீட்டாக வாங்கினோம்.

செல்லக்கனி வாயில் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வரும்வரை நாங்கள் இருவரும் போனில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே நாளைக் கடத்தினோம். புற்று ஆகவில்லை, ஆனால் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்றார் டாக்டர். தடிப்பை வெட்டி எடுத்தார்கள். மிசிரியை விட்டால்தான் பிழைப்பு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். விட்டாள். சும்மா விடவில்லை. விடிவதற்கு முன்னால் எனக்கு போன் வரும். “யக்கா, மூணு நாளாச்சு, இன்னும் வெளிக்குப் போவல. ஒங்களாலதான்.” பப்பாளி சாப்பிடு, தண்ணீர் குடி, நட என்று அரைத் தூக்கத்தில் வைத்தியம் சொல்வேன். நான் பாக்கை விட்ட கோபத்தையும் அவள்மேல்தான் காட்டினேன். இரண்டு பேருக்கும் அது சரியாகவே போயிற்று.

சந்தும் மாறிவிட்டது. மேடத்துக்கே வந்துட்டாம், நமக்கும் பாத்துக்கிடுவோம் என்று அவர்களாகவே வாயைத் திறந்துகொண்டு வந்து நின்றார்கள். துரைப்பாண்டிகூட ஒருநாள் சைக்கிளை நிறுத்தி, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, “ஆ” என்றார்.

என் வாய் சரியாகவில்லை. பாக்கை விட்டதால் மேலும் இறுகாமல் நின்றது, அவ்வளவுதான். இறுகினது இறுகினதுதான், கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். செல்லக்கனி இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதுமாம். நான் நாலு மாதத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். அந்த நாலு மாதத்துக்கு ஒரு தடவையும் அவள் இட்லி வேலையை முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, தாதர் ஸ்டேஷனில் எனக்கு முன்னால் வந்து நிற்கிறாள். நானே போய்க்கொள்வேன் என்றால் கேட்பதில்லை. போன மாதமும் போனோம். சீட்டுப் பதிகிற பெண் மாறிவிட்டாள். புதியவளும் அதையேதான் கேட்டாள். செல்லக்கனி என்னைக் காட்டினாள். நான் அவளைக் காட்டவில்லை.